வைக்கோல் கன்றுக்கு ஒரு கருத்தரங்கு

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் வாசல் வளைவை அவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். அது முதலில் சர்க்கார் மாட்டுப் பண்ணையாக இருந்தது. பிறகு விவசாயமும் கால்நடை மருத்துவமும் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியானது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகமாக உயர்ந்தது. உயர்ந்தபோது, பெயரில் மாடு இருந்தால் பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்று நிபுணர்கள் சொன்னதால் 'கால்நடை' போனது. வயல் இருந்தாலும் சேர மாட்டார்கள் என்றதால் 'வேளாண்மை'யும் போனது. மிஞ்சியது 'மேற்குச் சாரல் பல்கலைக்கழகம்'. இப்போது அங்கே நிர்வாகவியல் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, ஆடை வடிவமைப்பு உண்டு. முத்திரையில் இருந்த பசுவை அழித்துவிட்டு உலக உருண்டையை வரையச் சொன்னார்கள். வரைந்தவர் கொம்புகளை மட்டும் அழிக்க மறந்துவிட்டார். உருண்டைக்கு மேலே இன்றைக்கும் இரண்டு கொம்புகள் நிற்கின்றன. அவை அறிவையும் ஒழுக்கத்தையும் குறிப்பதாக மாணவர் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

மாட்டை அழித்தார்களே தவிர மாட்டு டாக்டர்களை அழிக்க முடியவில்லை. அவர்களுக்குப் பணி மூப்பு இருந்தது. அதனால் துணைவேந்தர் மாட்டு டாக்டர், பதிவாளர் மாட்டு டாக்டர், தேர்வாணையர் மாட்டு டாக்டர், விடுதிக் காப்பாளர் மட்டும் கோழி டாக்டர். யாரும் மாட்டைத் தொட்டுப் பல வருஷமாகிறது. தொட வேண்டிய நிலையிலிருந்து உயர்ந்துவிட்டார்கள்.

இந்த இடத்துக்குத்தான் 2007 மார்ச்சில் மீரான் மைதீன் தன் மாட்டைக் கொண்டுபோனார்.

மீரான் மைதீனுக்கு உத்தமபாளையத்தில் கொஞ்சம் நெல் வயலும் ஒரு செவலை மாடும் உண்டு. மாடு மலைமாட்டு இனம். முரட்டுப் பார்வை, ஆனால் அவர் மனைவி லத்திபா குரல் கொடுத்தால் குழந்தை மாதிரி வந்து நிற்கும். விடிவதற்குள் பால் கறந்து தெருவுக்கெல்லாம் ஊற்றுவது லத்திபாதான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது வயலை நம்பி அல்ல, அந்த மடியை நம்பி. அன்றைக்கு விடியற்காலையில் மாடு கன்று போட முடியாமல் திணறியது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, மற்றது வரவில்லை. சர்க்கார் மாட்டாஸ்பத்திரி டாக்டர் தடுப்பூசி முகாமுக்கு வருசநாடு போயிருந்தார்.

பக்கத்து வீட்டுச் சுருளியாண்டி சொந்தமாகக் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்.

"மாமா, கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்காதீக. யுனிவர்சிட்டிக்குள்ள தடுக்கி விழுந்தா மாட்டு டாக்டரு. ஏத்துங்க வண்டியில" என்றார்.

வாசலில் காவலாளி ஒச்சாண்டி வண்டியை மறித்தார். அன்று பட்டமளிப்பு விழா. நாற்காலி, பந்தல் சாமான், சமையல் பாத்திரம், பூ, இவை ஏற்றிய வண்டிகளை மட்டும் விடச் சொல்லி அவருக்கு உத்தரவு.

"வண்டியில என்னப்பா?"

"மாடுண்ணே" என்றார் சுருளியாண்டி.

"பந்தலுக்கா, சமையலுக்கா?"

"பிரசவத்துக்குண்ணே."

ஒச்சாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். லத்திபா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒச்சாண்டிக்கும் வீட்டில் மாடு இருக்கிறது.

"சரி, பூன்னு எழுதிக்கிறேன். வெரசாப் போங்க."

பழைய கால்நடை மருத்துவமனையின் நெற்றியில் 'தொலைதூரக் கல்வி மையம்' என்று எழுதியிருந்தது. மாட்டை நிறுத்தி வைத்தியம் பார்க்கிற இரும்புச் சட்டத்தில் சைக்கிள்களைச் சாத்தியிருந்தார்கள். மாட்டை ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டு மீரான் மைதீன் ஆளைத் தேடி ஓடினார். நிர்வாகக் கட்டடத்தைச் சுற்றித் திரும்பியதும் திகைத்து நின்றுவிட்டார். வெயிலில் கறுப்பும் சிவப்புமாக வெல்வெட் அங்கி போட்டு, தலையில் தட்டுத் தொப்பி வைத்து, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் டாக்டர்கள். அவருக்கு உயிரே திரும்பியது.

"ஐயா, கன்னு வயித்துல மாறிக் கிடக்கு. கொஞ்சம் வந்து பாருங்கய்யா" என்று முன்னால் வந்தவரிடம் கும்பிட்டார்.

அவர் தேர்வாணையர். உதட்டை அசைக்காமல், "வரிசையில போறோம்ல?" என்றார்.

"ஒரு நிமிசம் விலகி வந்தா போதும்யா."

"எப்படி விலகறது? பின்னாடி வர்றவர் எனக்கு ஜூனியர். நான் விலகினா அவர் என் இடத்துக்கு வந்துடுவார். அப்புறம் மேடையில என் நாற்காலியில உட்காருவார். அதுக்கப்புறம் என்னென்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

மீரான் மைதீனுக்கு உண்மையிலேயே தெரியாது. அடுத்தவரிடம் போனார். அடுத்தவருக்கும் பின்னால் ஒரு ஜூனியர் இருந்தார். இப்படியே வரிசை முழுதும் கும்பிட்டுக்கொண்டு வந்து, கடைசியில் சரிகை அங்கியோடு நடந்துவந்த துணைவேந்தர் டாக்டர் சுந்தர்ராஜிடம் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. மாட்டுப் பிரசவச் சிக்கலில்தான் அவர் டாக்டர் பட்டமே வாங்கியது.

"ரெண்டு காலும் தெரியுதா?" என்று நடந்துகொண்டே கேட்டார்.

"ஒண்ணுதாங்கய்யா."

"தலை?"

"தெரியலைங்கய்யா."

"அவசரம். ரொம்ப அவசரம். விழா முடிஞ்சதும் முதல் வேலையா வந்துடறேன்."

விழா தொடங்கியது. ஒலிபெருக்கி புளியமரம் வரைக்கும் கட்டியிருந்ததால் துணைவேந்தரின் உரையை மாடும் கேட்டது.

"என் ஆராய்ச்சிக் காலத்தில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பிரசவத்தில் சிக்கிய பசுவுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். தாமதிக்கிறவன் இரண்டு உயிர்களுக்கு எதிரி. அந்தப் பாடத்தைத்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்திலும் கடைப்பிடிக்கிறேன். இங்கே தாமதம் என்ற சொல்லுக்கே இடமில்லை."

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. மீரான் மைதீனுக்கும் நம்பிக்கை வந்தது.

"ஆளு வெவரம் தெரிஞ்சவுகதான். வந்துருவாக" என்று லத்திபாவிடம் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கூப்பிட்டுப் பட்டம் கொடுத்தார்கள். அடுத்து விருந்தினர் உரை, நன்றியுரை, நாட்டுப்பண். எல்லாம் முடிந்து, சொன்ன சொல் தவறாமல் துணைவேந்தர் வந்தார். போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் அங்கியைக் கழற்றவில்லை. சரிகைக் கையை மடித்துவிட்டு, தேர்வாணையரும் இன்னொருவரும் பிடித்துக்கொள்ள, கன்றை இழுத்தார். கை பழக்கம் போகவில்லை, சரியாகத்தான் இழுத்தார். மாடு பிழைத்தது. கன்று கிடேரி. அது செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மாடாவது பிழைத்ததே என்று மீரான் மைதீன் அழுதுகொண்டே நன்றி சொன்னார். கன்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். புதைத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் 'பட்டமளிப்பு அங்கியுடன் பசுவுக்குப் பிரசவம்' என்று படம் வந்தது. கன்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மாடு கத்தியது. தொழுவத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக் கத்தியது. மடி கனத்துக் கிடந்தது. லத்திபா தடவிக்கொடுத்து, பருத்திக்கொட்டை அரைத்து வைத்து, கெஞ்சிக் கெஞ்சிக் கறந்தாலும் ஒரு தம்ளருக்கு மேல் விடவில்லை. நாட்டு மாடு கன்று இல்லாமல் பாலை விடாது. பால் இறங்க வைக்கிற ஊசி கடையில் கிடைத்தது. தெருப் பிள்ளைகள் குடிக்கிற பாலில் ஊசி மருந்து கலப்பதா என்று லத்திபா அதை வீட்டு வாசலுக்கே விடவில்லை.

"என்னாங்க, எனக்குப் பாலுகூட வேணாம். இது கத்துறதைத்தான் கேக்க முடியல" என்றாள்.

"வைக்கக் கன்னு கட்டிருவோம் தங்கச்சி" என்றார் சுருளியாண்டி. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாயின் முன்னால் நிறுத்துவது எங்கள் பக்கம் வழக்கம். தாய் அதை நக்கிக்கொண்டே பால் விடும். "ஆனா தோலு பச்சையா வேணும் மாமா. அது வாசம் இருந்தாத்தான் நக்கும். மருந்து கிருந்து பட்டுச்சுன்னா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிரும். வெரசாப் போயி வாங்கிட்டு வாங்க. மடி வத்துறதுக்குள்ள வேணும்."

கன்றைப் புதைக்கவில்லை என்று ஒச்சாண்டி சொன்னார். பல்கலைக்கழகம் ஆன பிறகு அந்த வளாகத்தில் பிறந்த முதல் கன்று என்பதால் அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்களாம். மருந்தில் ஊறப்போட மதுரையிலிருந்து கண்ணாடி ஜாடி வர வேண்டும். அதுவரை கேன்டீன் ஐஸ்பெட்டியில், கப் ஐஸ்களுக்குக் கீழே கன்று படுத்திருந்தது.

பதிவாளர் டாக்டர் மகாலட்சுமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கன்று வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் உங்க சொத்து. வெளியே வந்தது எங்க காம்பவுண்டுக்குள்ள" என்றார்.

"செத்துல்லம்மா வந்துச்சு."

"அதனாலதான் வச்சுக்கறோம். உயிரோட வந்திருந்தா நீங்களே கொண்டுபோயிருக்கலாம். தீவனத்துக்கு எங்ககிட்ட நிதி கிடையாது."

"தோலை மட்டும் குடுங்கம்மா. மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க."

தோல் எதற்கு என்று பதிவாளர் கேட்டார். மீரான் மைதீன் வைக்கோல் கன்றைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்லப் பதிவாளரின் முகம் மாறியது. மரபு அறிவு என்ற தலைப்பில் டெல்லியிலிருந்து வந்த ஒரு நிதி செலவாகாமல் கிடந்தது. மார்ச் முடிந்தால் திரும்பப் போய்விடும். பதிவாளர் துணைவேந்தருக்கு போன் போட்டு, எழுந்து நின்று பேசினார். பிறகு மீரான் மைதீனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

"தேசியக் கருத்தரங்கு நடத்தறோம். தோலை உரிச்சு, கன்று செஞ்சு காட்டறோம். நீங்கதான் சிறப்பு அழைப்பாளர்."

"நாளைக்குக் குடுத்துருவீகளாம்மா?"

"நாளைக்கு பேனர் வந்துடும்" என்றார் பதிவாளர்.

பேனர் வந்தது. 'வைக்கோல் கன்று: மரபும் மேலாண்மையும்'. பேராளர்களுக்குத் தோள்பை வந்தது, சாப்பாட்டுக்கு டோக்கன் வந்தது. அதற்குள் லத்திபாவின் தம்ளர் அரைத் தம்ளராகிவிட்டது. மாட்டின் குரல் கம்மிப்போனது, ஆனால் நிற்கவில்லை. மீரான் மைதீன் தினமும் போய் கேன்டீன் ஐஸ்பெட்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தார். கரண்ட் போனால் அது திரும்பி வரும்வரை பெட்டி பக்கத்திலேயே நின்றார்.

கருத்தரங்கில் நிர்வாகவியல் பேராசிரியர் திரையில் படம் போட்டுப் பேசினார். "இங்கே கன்று என்பது பிராண்ட். பசு என்பது வாடிக்கையாளர். வாடிக்கையாளர் பிராண்டை நக்குகிறார். பால் என்பது அந்த நம்பிக்கையின் வெளிப்பாடு. உள்ளே வைக்கோல் இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதே அடிப்படையில்தான் நமது துறையும் இயங்குகிறது." பேராளர்கள் குறித்துக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சுருளியாண்டி தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. 'செயல்முறை விளக்கம்' என்று இருந்தது. மீரான் மைதீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போதும் அவர் எட்டி எட்டி மேடைக்குப் பின்னால்தான் பார்த்தார்.

கன்று அச்சு அசலாக வந்தது. வாங்கிக்கொள்ள மீரான் மைதீன் கை நீட்டினார். அவருடைய கைகளைத் தாண்டி அது போய், முன்மண்டபத்தில் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. மதுரையிலிருந்து வந்த ஜாடியைப் பதிவாளர் அறையில் குடை வைக்க வைத்துக்கொண்டார்கள்.

"ஐயா, கன்னு?" என்றார் மீரான் மைதீன்.

"ஆய்வு இன்னும் முடியலை. பசுவைக் கொண்டுவாங்க. நிரூபிக்கணும்ல?" என்றார் துணைவேந்தர்.

சுருளியாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டையும் லத்திபாவையும் ஏற்றிவந்தார். ஒச்சாண்டி இந்தமுறை மாட்டைப் பேராளர் என்று எழுதிக்கொண்டார். பளிங்குத் தரையில் வழுக்கி வழுக்கி நடந்துவந்த மாடு, கண்ணாடிக்குள் கன்றைப் பார்த்ததும் கத்திய கத்தலில் மண்டபமே அதிர்ந்தது. பெட்டிச் சாவி யாரிடம் என்று தேடிக் கொண்டுவந்து திறந்தார்கள். மாடு குனிந்து முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. காதை நக்கியது, கழுத்தை நக்கியது, தையல் போட்ட வயிற்றை நக்கியது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. லத்திபா செம்பை எடுத்துக்கொண்டு பளிங்குத் தரையில் குந்தினாள். செம்பில் பால் விழுகிற சத்தம் தவிர அங்கே வேறு சத்தமில்லை. லத்திபாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்து நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதையும் கைதட்டிக் கெடுத்தார்கள். மாடு மிரண்டு பாலை நிறுத்திக்கொண்டது.

"இப்பக் கொண்டுபோகலாமாய்யா?" என்று கேட்டார் மீரான் மைதீன்.

"அது பல்கலைக்கழகத்தோட கண்டுபிடிப்பு. வெளியே போகக் கூடாது" என்றார் துணைவேந்தர். பிறகு மனமிரங்கி, "ஆனா பசு உள்ளே வரலாம். நாங்க யாருக்கும் கதவை அடைக்கிறவங்க இல்லை. பத்து மணியிலிருந்து அஞ்சு மணிவரைக்கும் எப்ப வேணா வரலாம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை தவிர" என்றார்.

அன்றிலிருந்து மாடு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வெயில் ஏறிய ரோட்டில் லத்திபா செம்போடு பின்னால் வர, கயிற்றைப் பிடித்த மீரான் மைதீனை மாடு இழுத்துக்கொண்டு ஓடும். விடியலில் பால் வேண்டிய வீடுகளுக்கு உச்சிப்பொழுதில் பால் வந்தது. பலர் பாக்கெட்டுக்கு மாறினார்கள். சனி, ஞாயிறுகளில் மடி கட்டிப்போய் மாடு கால் மாற்றி நின்றது. ஆனாலும் திங்கட்கிழமை கன்றை நக்கியதும் எல்லாம் சரியாகிவிடும். அதுவே போதும் என்று மீரான் மைதீன் இருந்தார். போதாது என்று சொல்வதற்கு அங்கே எந்த அறைக்குப் போக வேண்டும் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தைப் பார்வையிடத் தர நிர்ணயக் குழு வருவதாகத் தகவல் வந்தது. கன்றை ஆராய்ந்த அதிகாரிகள், நக்கி நக்கிக் கழுத்தில் முடி உதிர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காட்சிப்பொருள் தேய்கிறது என்று கூட்டம் போட்டு வருத்தப்பட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆள் வந்து வேலை செய்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மாடு வழக்கம்போல ஓடிவந்தது. கண்ணாடியைத் திறந்தார்கள். மாடு கழுத்தை நீட்டி முகர்ந்தது. பின்வாங்கியது. மறுபடி காதருகே போய் முகர்ந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றது.

"என்னம்மா செஞ்சீக?" என்றார் மீரான் மைதீன்.

"மருந்து அடிச்சு வார்னிஷ் போட்டிருக்கோம். பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு! இன்னும் ஐம்பது வருஷத்துக்குக் கெடாது" என்றார் பதிவாளர்.

"மாடு நக்கமாட்டேங்குதேம்மா."

"நக்கினா தேயும்னுதானே இவ்வளவும் செஞ்சோம்?"

லத்திபா காலிச் செம்போடு எழுந்து முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வீடு திரும்பும்போது மாடு யாரையும் இழுக்காமல் மெதுவாக நடந்தது. அன்று முதல் அது கத்தவில்லை. கொஞ்ச நாளில் மடியும் வற்றிப்போனது.

தர நிர்ணயக் குழு கன்றைப் பார்த்து மகிழ்ந்து உயர்ந்த தரம் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் ஒரு மாலையில் துணைவேந்தரின் கார் உத்தமபாளையம் தெருவுக்குள் நுழைந்தது. துணைவேந்தரும் பதிவாளரும் பழத்தட்டோடு இறங்கினார்கள். பால் உற்பத்தியில் சாதனை படைத்த விவசாயி என்று மீரான் மைதீனுக்கு விருது கொடுப்பதாக ஆட்சிக்குழு முடிவு செய்திருந்தது.

மீரான் மைதீன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தவர்கள், அவரால் வேறென்ன செய்ய முடியும்? லத்திபா கண்ணாடித் தம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்தாள். துணைவேந்தர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பால் இல்லையாம்மா?"

"கட்டன்தான் சார்" என்றாள் லத்திபா. "கன்னு உங்ககிட்ட இருக்கு. மாடு எங்ககிட்ட இருக்கு. பாலு ரெண்டுக்கும் நடுவுல எங்கிட்டோ நின்னுபோச்சு."

மீரான் மைதீன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். துணைவேந்தர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன அருமையான வாசகம்! மேடம், குறிச்சுக்கங்க" என்றார். "இந்த வருஷ அழைப்பிதழில் போடலாம்."

பதிவாளர் பேனாவை எடுத்து, "கொஞ்சம் மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.